மூன்றாகப் பிரித்த அதிகாரம்

லண்டனில், தோர்ண்டன் ஹீத் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். கோட் போட்டவர் ஊர்ச் சங்கத் தலைவராம்.

“அமெரிக்கா மாதிரி எங்கட சங்கத்திலயும் அதிகாரத்தை மூண்டாப் பிரிச்சிட்டன்.”

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், விளங்கினவன்போலப் பின்னாலிருந்து தலையாட்டினேன்.

“ஆர் ஆரிட்ட, அண்ணை?” பக்கத்திலிருந்த இளைஞன் கேட்டான்.

“தலைவர் நான். விதி எழுதுறது என்ர மனுசி. நான் பிழை விட்டால் தடுக்கிறது மச்சான்.”

“அவர் உங்கட வீட்டிலயெல்லே சாப்பிடுறார்?”

“அதாலதான் பக்கத்திலயே இருந்து கண்காணிக்கிறார்.”

“அண்ணை, இங்கத்தை ராசா வேண்டாமெண்டு பிரிஞ்சவங்கள் எழுதின சட்டம் அது. நீங்கள் அதை வைச்சு இங்க ராசாவாகப் பாக்கிறியள்.”

“அப்ப ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தலில எனக்கு வோட்டுப் போடமாட்டீரோ?”

“உங்களுக்கு எதிரா நானே நிக்கப்போறன்.”

“ஏலாது தம்பி. எதிர்த்து நிக்கக்கூடாதெண்டு மனுசி நேற்று விதி எழுதிட்டா. மச்சானும் சரியெண்டிட்டார்.”