விறகு அடுக்கிய வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் வற்றி நான் பார்த்ததில்லை, சேர். கோடையிலும் குடம் நிறைந்துவிடும். ஆகவே தண்ணீர்ச் சண்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பூண்டுலோயாப் பக்கம் மண் சரிந்து வீட்டைப் பறிகொடுத்த அழகுமுத்துவையும் அவன் மனைவி வேலாயியையும் எங்கள் தோட்டத்துத் துரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இடம் காட்டும் பொறுப்பு லயத்துத் தலைவரான என்னுடையது. நடுவில் ஒரு வீடு காலியாக இருந்தது. அதில் என் விறகை அடுக்கியிருந்தேன். அதனால் மேட்டுக்கடியில் தனியாகக் கிடந்த பழைய அறையைக் கொடுத்தேன்.

வெளியாட்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் அப்பாவை டவுனில் கள்ளத்தோணி, இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு வீடு கட்டக் காணி பிரிக்கும்போது நேற்று வந்தவர்களும் வரிசையில் நிற்பார்களே. லயத்தில் எல்லோருக்கும் இந்த யோசனை இருந்தது, நான் வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். பீலியில் நம் குடங்கள் நிறைந்த பிறகு அவர்கள் பிடிக்கட்டும் என்றேன். கோவில் திருவிழாவுக்கு அவர்களிடம் வரி வாங்க வேண்டாம், வாங்கினால் உரிமையும் கேட்பார்கள் என்றேன்.

என் மகள் வினோதா மட்டும் கேட்கவில்லை. வேலாயியின் குடத்தை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்தாள்.

"நாமளும் எங்கேயோ இருந்து வந்தவங்கதானே அப்பா" என்றாள். படித்த பிள்ளை, அப்படித்தான் பேசும்.

மழை பிடித்ததும் வேலாயி என் வாசலுக்கு வந்தாள். நான் உள்ளே கூப்பிடவில்லை, நனைந்துகொண்டே பேசினாள்.

"தலைவரே, பின் சொவரு வெடிச்சிருக்குங்க. வெரலு உள்ள போகுது. எங்களுக்குப் போக வேற எடம் இல்லீங்க. அந்த நடு வீட்டக் குடுத்தீங்கன்னா..."

ஆபீசில் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. விறகு நனைந்துவிடும்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் மேடு சரிந்தது. மழைக்கு அன்று வேலை இல்லை. இருவரும் அறைக்குள்தான் இருந்தார்கள். பாதையும் மூடிவிட்டதால் வெளியிலிருந்து யாரும் வர முடியவில்லை. எங்கள் ஆட்கள்தான் மண்வெட்டியோடு ஓடிவந்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலாயி வெளியே வந்தால் சுவரைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"இல்ல. காலையிலேயே ராகலைக்குப் போயிட்டாங்க. நான்தான் பஸ் ஏத்திவிட்டேன்" என்றேன்.

மேடு இன்னும் இறங்கலாம் என்று சொல்லி எல்லோரையும் கோவிலுக்கு அனுப்பினேன். வினோதா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் அங்கேயே நின்றேன். மண்ணுக்குள் தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு வேலாயியின் குரல். "தலைவரே" என்றுதான் கூப்பிட்டாள். நான் பேசியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பதில் சொல்லவில்லை. இருட்டுவதற்கு முன் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் ஆட்களைத் தோண்ட வைத்தவள் வினோதா. இருவரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். போலீசுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் அவள்தான்.

ஆமாம், சேர். உள்ளே இருப்பது தெரிந்துதான் இல்லை என்றேன். உயிர் இருப்பது தெரிந்துதான் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: எங்கள் லயத்து ஆள் ஒருவர் உள்ளே இருந்திருந்தால் நகம் பிய்யும்வரை நானே தோண்டியிருப்பேன். ஆள் பார்த்து இரக்கப்படுகிறவன் அல்ல நான்.