பத்து மீட்டர் விதி

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை சற்றுத் தூக்கல்தான். ஆனால் இந்த ஊரில் குறைத்துப் போட்டால் விருந்தாளியை அவமதித்ததாகிவிடும். வாக்குமூலம் எழுதுகிறவரை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். நான் எங்கும் ஓடப் போவதில்லை.

முதலில் ஹாதிமை விட்டுவிடுங்கள். குப்பையை நசுக்கும் கம்பாக்டரை ஓட்டியவன் அவன், அதில் சிக்கி இறந்தவர் அவனுடைய தாய்மாமா அபூ ஷாஹிர். அதற்காக இரண்டு நாளாக அவனை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவன் விதிப்படிதான் நடந்தான். பின்னால் நிற்பவர் பச்சைக் கொடி காட்டினால் மட்டும் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பச்சையைப் பார்த்தான், எடுத்தான். நான் பயிற்சி கொடுத்த பதினெட்டுப் பேரில் தேறியவன் அவன் ஒருவனே.

எங்கள் குப்பைக் கிடங்கு பழைய குப்பைமேடு போன்றதல்ல. அடியில் கறுப்பு விரிப்பு, ஊறி வரும் கழிவுநீருக்கு ஒரு குழாய், வாயுவுக்கு ஒரு குழாய். அங்கே வேலை பார்க்கப் பழக வேண்டும். வண்டி ஓடும்போது பத்து மீட்டருக்குள் ஆள் வரக்கூடாது என்பது முதல் நாள் பாடம். பரீட்சையில் பதினெட்டுப் பேரும் அதைப் பிழையில்லாமல் எழுதினார்கள்.

மறுநாள் காலையிலேயே அபூ ஷாஹிர் ஓடும் வண்டிக்கு முன்னால் குனிந்தார். குப்பையில் ஒரு ரொட்டி கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, ஆட்டுக்காரருக்கு ஆகும் என்று ஓரத்துப் பீப்பாயின் மேல் வைத்தார். தெருவில் கிடந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு நூறு ரொட்டி வரும். கண்டித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ரொட்டி மேல வண்டிய ஏத்தச் சொல்றீங்களே உஸ்தாத், நீங்க வீட்ல காகிதத்தையா திங்கிறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மறைப்பானேன், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கத் தொடங்கினார்கள். என்றைக்காவது ஒருவர் சாவது உறுதி என்று எனக்குத் தெரிந்தது. இதற்கு முன் நான் இருந்த இடத்தில் ஒருவனுக்கு இரண்டு விரல்கள் போயின. பிறகு மூன்று வருடம் அங்கே எவனும் விதியை மீறவில்லை. பட்டால்தான் புத்தி வரும் என்பார்களே, அது உண்மை.

ஏழாம் நாள் என் வீட்டிலிருந்து ஐந்து ரொட்டி கொண்டு போனேன். நின்றிருந்த வண்டிக்குப் பின்னால், ஹாதிமின் கண்ணாடிக்குத் தெரியாத பள்ளத்தில், அவற்றை வைத்தேன். கொஞ்சம் பயமுறுத்தத்தான் வைத்தேன் என்று நேற்று உங்கள் ஆளிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். கொடி பிடிப்பவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, இரண்டு கொடிகளையும் நானே வாங்கிக்கொண்டேன். மீதிப் பதினைந்து பேரை மேட்டில் வரிசையாக நிறுத்தினேன், எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்படி.

அபூ ஷாஹிர் குனிந்தார். ஹாதிம் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். மேட்டில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஏழு நாளில் அதுதான் முதல் தடவை. சிவப்பு இடது கையில் இருந்தது. நான் பச்சையை உயர்த்தினேன்.

அவர் நல்ல மனிதர். துக்கம் கேட்கப் போய், அவர் வீட்டுக் கசப்புக் காப்பியைக் குடித்தேன். அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"நீங்க எவ்வளவோ சொன்னீங்களாமே உஸ்தாத். அவருதான் கேக்கல. அவர மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

இன்று காலை நீங்கள் கிடங்குக்குப் போயிருக்கிறீர்கள். ஓடும் வண்டிகளுக்கு நடுவே அந்தப் பதினைந்து பேரும் அபூ ஷாஹிரின் பெயரைச் சொல்லி ரொட்டி பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் அவர் எதற்காகச் செத்தார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாடத்தில் குறையில்லை, ஐயா. ஒரு தடவை நடத்தினால் இவர்களுக்கு ஏறாது.