அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன்

என் பெயர் வீரபாகு. தகப்பனார் பெயர் ராமலிங்கம், இப்போது இல்லை. வயது முப்பத்தொன்று. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் சொந்த வீடு. 1970-லிருந்து நைஜீரியா தேசத்தில் ஒரு துணி மில்லில் ஃபிட்டராக வேலை செய்கிறேன். என் சித்தப்பா முருகேசனுக்கு இன்று மண்டையில் அடிபட்டது என்னால்தான். இல்லை என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் நடந்ததை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டய்யா, பாதியில் நிறுத்தாதீர்கள்.

திங்கட்கிழமை மில் ஆபீசில் எனக்கு ஒரு தந்தி கொடுத்தார்கள். சித்தப்பா அனுப்பியது. அப்பா சீரியஸ், உடனே புறப்படு என்று இருந்தது. நம் பக்கத்தில் தந்தியில் யாரும் சாவை எழுதமாட்டார்கள். தனியாக வருகிறவன் வழியில் இடிந்துபோய்விடுவான் என்று, ஆள் போய்விட்டாலும் சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள். நிஜமாகவே இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அதே தந்திதான். இது எனக்கும் தெரியும். ஆனாலும் பெற்ற அப்பன் விஷயத்தில் மனசு எந்தப் பக்கம் சாயும், நீங்களே சொல்லுங்கள். உயிர் இருக்கிறது என்றே நம்பினேன்.

அன்றே லீவு வாங்கிக்கொண்டு விமானம் ஏறி, மறுநாள் காலை ஐரோப்பாவில் ஒரு பெரிய ஊரில் இறங்கினேன். அங்கே மாறி பம்பாய் வரவேண்டும். நான் வந்த விமானம் தாமதமானதால் மாறவேண்டிய விமானம் போய்விட்டது. அடுத்தது வியாழக்கிழமை என்றார்கள். அதன் பிறகு கம்பெனிக்காரப் பெண் ஒருத்தி இரக்கப்பட்டு விசாரித்து, அன்று இரவே வேறொரு கம்பெனி விமானம் பம்பாய்க்குப் போகிறது, இடமும் இருக்கிறது, ஆனால் அது இதே ஊரில் இன்னொரு விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்று சொன்னாள். விமானம் மாறுகிறவன் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அங்கே விசா கேட்பதில்லை. வாசலைத் தாண்டினால் டிரான்சிட் விசா வேண்டும், அதைப் புறப்படுகிற ஊரிலேயே வாங்கியிருக்கவேண்டும். அந்த அவசரத்தில் எனக்கு யார் அதைச் சொன்னார்கள்?

அதன் பிறகு அந்தப் பெண் என்னை பாஸ்போர்ட் அதிகாரியிடம் கூட்டிப்போனாள். வயசானவர். நல்ல மனுஷன்தான், பொய் சொல்லக்கூடாது. தந்தியைப் படித்துவிட்டு, உடம்பு சரியில்லை என்பதற்காக விசா இல்லாதவனை வெளியே விட எனக்கு அதிகாரமில்லை, வீட்டில் சாவு என்றால் ஓர் இரவுக்கு என் பொறுப்பில் விடலாம் என்றார். முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, உன் தகப்பனார் இறந்துவிட்டாரா என்று கேட்டார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று சொல்லேன் என்பதுபோல் எனக்குத் தலையாட்டிக் காட்டினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் உயிரோடு இருக்கிற அப்பாவைச் செத்துவிட்டார் என்று எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? சொன்னால் பலித்துவிடும் என்று பயம் வேறு. அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன். கோபமாகவே சொன்னேன். அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு வியாழக்கிழமைவரை அங்கே நாற்காலியில்தான் கிடந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ஊர் பஸ்கள் போய் வந்துகொண்டிருந்தன. உள்ளேயே ஒரு கடையில் அப்பாவுக்கு ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன்.

இன்று வெள்ளிக்கிழமை மத்தியானம் மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். தலையை மழித்து மீசையும் எடுத்திருந்தார். கொள்ளி வைத்தவருக்குத்தானே அந்தக் கோலம். நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ளயே பூட்டாருப்பா. ஐஸ் வாங்கி வெச்சி நீ வருவே வருவேன்னு பாத்துக்கினே இருந்தோம். பொதங்கெழம பொழுது சாஞ்சதுக்கு மேல தாங்கல."

அந்த இரவு விமானத்தில் ஏறியிருந்தால் புதன்கிழமை பொழுது சாயுமுன் வந்து சேர்ந்திருப்பேன். நான் அங்கே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா இங்கே ஐஸ் மேல் கிடந்திருக்கிறார். அதன் பிறகு கையிலிருந்த பெட்டியை அவர்மேல் வீசினேன். குறி பார்த்து எறியவில்லை, ஆனால் எறிந்தது நான்தான். அது மார்பில் பட்டு மல்லாக்க விழுந்தார், பின்மண்டை கருங்கல் படியில் மோதியது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

"வழியில நீ ஒண்டியா இருப்பியேன்னுதாம்பா" என்றார். அதோடு கண்ணை மூடிவிட்டார்.

உள்ளேயிருந்து வந்த என் அம்மா அலமு, என்னைக் கட்டிக்கொண்டு அழுவதா, அவரைத் தாங்குவதா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள். அதன் பிறகு நானே அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் இங்கே வந்தேன். நான் கிளம்பும்வரை அவர் கண் திறக்கவில்லை. பிழைப்பாரா என்று டாக்டரைக் கேட்டதற்கு, விடிந்தால்தான் தெரியும் என்றார்.

தவறி விழுந்தார் என்று சொல்லிவிடு என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை. கேஸ் எழுதுங்கள், எந்த ஜெயிலுக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். சித்தப்பாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவருக்குச் செய்யவேண்டியவன் நான் ஒருவன்தான். அவர் செத்துவிட்டால் அந்த நிமிஷமே எனக்குச் சொல்லிவிடுங்கள். விலங்கு போட்டாவது கூட்டிக்கொண்டு போங்கள். கொள்ளி நான்தான் வைக்கவேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரா. வீரபாகு