லிஸ்பனில் ஒரு வெறுங்கால் ஊர்வலம்

தோழிகளே, இந்த ராத்திரி நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும். என் வீட்டுச் சின்னவன் இப்போதுதான் கண்ணசந்தான். சனிக்கிழமை பிள்ளைகளை அப்பாக்களிடம் விட்டுவிட்டுத் தஞ்சாவூர் மியூசியம் போகலாம் என்று நம் குழுவில் முடிவு செய்தோம். இப்போது ஒவ்வொருத்தராகப் பின்வாங்குகிறோம், நான் உட்பட! கையில் மைக் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறேன். குட்டியாக ஒரு கதை... காது கொடுங்கள்.

என் கல்லூரித் தோழி பவதாரிணி. கணவர் இளம்பரிதிக்கு லிஸ்பனில் ஆபீஸ் வேலை. இவளும் மூன்று வயது மகளும் கூடப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு நான் தனியா ஊர் சுத்தப் போறேன்" என்றாள்.

அவர் என்ன சொன்னார்? "நீயா? மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருப்ப, பாரு."

"இருட்டுறதுக்கு முன்னாடி வந்தா கேளுங்க!"

வீராப்பாகச் சொல்லிவிட்டாள்... பயம் போகுமா? டிராமில் தப்பான பக்கம் ஏறினாள். மீன் பொரிக்கிற வாசனை, ஜன்னலுக்கு ஜன்னல் காயுற துணி... அப்படியே ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தாள். படம் பார்த்தாள், பானை பார்த்தாள். கடைசி அறையில் யார் இருக்கிறார்? நம்ம பிள்ளையார்! கண்ணாடிப் பெட்டிக்குள்ளே!

பிள்ளையாரைக் கண்டால் நம் கால் நம்மைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். நெற்றியில் குட்டிக்கொண்டாள். தோப்புக்கரணம் போட்டாள்.

பின்னால் வந்த வெளிநாட்டுக் குடும்பம் பார்த்தது. 'ஓ, இந்த அறைக்கு இதுதான் விதிபோல' என்று ஷூவைக் கழற்றியது. அதைப் பார்த்து ஒரு டூரிஸ்ட் கூட்டமே கழற்றியது. காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தது! அதில் ஒரு தாத்தா உட்கார்ந்தார்... எழவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

வெளியே வந்தால்... ஒரு செருப்பையும் காணோம்! யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, காவலாளி மொத்தத்தையும் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். இப்போது அத்தனை பேரும் யாரைப் பார்க்கிறார்கள்? பவதாரிணியை!

அழுகை முட்டியது. போனை எடுத்தாள். 'என்னங்க, வந்து கூட்டிட்டுப் போங்க'... ஒரு வார்த்தை போதும். அவளுடைய நாள் அத்தோடு சரி. இல்லையா?

அந்த நேரம் பார்த்துத் தாத்தா வெறுங்காலோடு எங்கேயோ நடக்க ஆரம்பித்தார். இவள் வாயிலிருந்து தன்னால் வந்தது, நல்ல தமிழில்: "தாத்தா! அங்க எங்க போறீங்க? இப்படி வாங்க! எல்லாரும் கையைப் பிடிச்சுக்குங்க. யாரும் தள்ளக் கூடாது!"

பிடித்துக்கொண்டார்களே! ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது... எல்லாருக்கும் புரிந்தது! ஊர்வலம் மாடி மாடியாக இறங்கி, காவலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றது. செருப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டாராம், "மேடம், உங்க அடுத்த பூஜை எப்போ?"

அப்புறம் தெருவோரக் கடையில் எல்லாருக்கும் தாத்தா செலவில் காபி. விளக்கெல்லாம் போட்ட பிறகுதான் பவதாரிணி தங்கியிருந்த அறைக்குத் திரும்பினாள். இளம்பரிதி வாசலிலேயே நிற்கிறார்.

"பாப்பா தேடினாளா?"

"அவ எங்க தேடினா... நான்தான் தேடினேன்."

தோழிகளே, இதில் நமக்கு என்ன இருக்கிறது? நாம் இல்லாவிட்டால் வீடு நின்றுவிடும் என்று பயப்படுகிறோம். நிஜமான பயம் எது தெரியுமா? நிற்காமல் நடந்துவிடுமோ என்பதுதான்! நடக்கட்டுமே! சோறு ஊட்டக் கத்துகிற அதே குரல், வெளியே போனால் ஒரு ஊரையே வரிசையில் நிறுத்தும்.

நான் வருகிறேன். வேன்காரர் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வருவீர்களா, மாட்டீர்களா... சீக்கிரம் பதில் போடுங்கள்.