பெல்ட்டில் இருந்த சிவப்பு அம்பு பற்றி நான் சொல்வது

நான் பார்த்ததைப் பார்த்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் பதிவு செய்கிறேன். என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் மேலே உள்ளன. வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. இன்ஸ்பெக்டர் அம்மா அனுமதித்ததால் மில்லிலேயே உட்கார்ந்து என் கையாலேயே எழுதுகிறேன்.

மோட்டாரின் சக்கரத்தையும் இயந்திரத்தின் சக்கரத்தையும் இணைக்கும் தோல் பெல்ட்டுகளை என் அப்பா மில்களுக்குச் செய்து கொடுக்கிறார். இன்று காலை இந்த மாவு மில்லில் அவர் செய்த பெல்ட் அறுந்து அடித்ததில், மில்லை ஓட்டும் என் தாய்மாமாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மட்டமான தோலை விற்றதாக முதலாளி புகார் கொடுத்ததால் அப்பா காவலில் இருக்கிறார்.

அப்பா தோலின் இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒட்டுவார். ஒட்டிய விளிம்பு மீன் செதில் போல ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். பெல்ட் எதிர்ப்பக்கம் ஓடினால் அது கிளம்பிவிடும். அதனால் ஓட வேண்டிய திசையைச் சிவப்பு அம்பாக வரைந்துதான் கொடுப்பார்.

நேற்று பள்ளி விட்டதும் வழக்கம்போல மில்லுக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மாமா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்தார். அதன் பிறகு பெல்ட்டைத் திரும்ப மாட்டியபோது அம்பு கீழ்ப்பக்கம் வந்தது. அதன் முனை அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்தபடி இருந்தது. இந்தப் பெல்ட் மேல்பக்கத்தில் மோட்டாரிலிருந்து இயந்திரத்துக்குப் போய், கீழ்ப்பக்கத்தில் மோட்டாருக்கே திரும்பி வருகிறது. ஆகவே கீழே இருக்கும் அம்பு மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

"மாமா, அம்பு கீழ இருக்கே. அப்ப மோட்டாரைத்தானே பாக்கணும்?" என்றேன்.

"வந்துட்டாங்கய்யா இன்ஜினியரம்மா! மாவு எங்கடி அரைக்குது, மோட்டார்லயா?" என்றார். மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு மாமா, "இருட்டுல படிச்சுக் கண்ணக் கெடுத்துக்காத" என்று என் தலைக்கு மேல் இருந்த விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

பெல்ட் அறுந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். அதனால் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மாலையில் அப்பாவை இங்கே அழைத்து வந்து அறுந்த பெல்ட்டைக் காட்டினார்கள். நானும் என் அம்மாவும் இருந்தோம். அப்பா, சுருண்டு கிடந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். அதன் பிறகு அம்மாவைப் பார்த்தார். அதன் பிறகு, "ஒட்டு என்னோடதுதான். வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு" என்றார் முதலாளி.

நான் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேன். "நீ சும்மா இரு பாப்பா, ஒம் மாமன் ஆஸ்பத்திரில கெடக்கறான்" என்றார் அப்பா. நான் மேலே எழுதியிருப்பதை அப்படியே சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா மூட்டை தூக்குபவர்களைக் கேட்டார். அவர்களில் மூத்தவர், "ஆமாங்கம்மா, பாப்பா சொல்லுச்சு. நாங்கதான் சிரிச்சோம்" என்றார்.

இதை எழுதி முடித்ததும், நான் சிறுமி என்பதால் அம்மாவும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அம்மா பேனாவை வாங்கி மூடியைத் திறந்தார், மூடினார். "எந்தம்பி வேணும்னு செய்யலன்னு எழுதுடி" என்றார். அது உண்மை என்பதால் எழுதுகிறேன்: மாமா வேண்டுமென்று செய்யவில்லை. அம்பைக் கவனிக்காமலும் விடவில்லை. அம்பு இயந்திரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று, கவனித்துத்தான் அப்படி வைத்தார்.

அதன் பிறகு அம்மா கையெழுத்திட்டார்.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமே. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை.

(கையெழுத்து)

கையெழுத்துக்குப் பின் சேர்த்தது: அப்பா வீட்டுக்குப் போகலாம் என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். அம்மா, முதலில் ஆஸ்பத்திரிக்கு என்றார். அப்பா என் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். நேற்று மாமா போட்டுவிட்ட அதே விளக்கின் கீழ்தான் இதையெல்லாம் எழுதினேன். இந்தத் தாளை வாங்கிக்கொண்டதும் மில்லின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள்.