இரண்டு முறை தட்டினால்

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்கள். இந்த எடைமேடைக் கூண்டுக்குள் இன்னொருவர் வந்து உட்காருவது அபூர்வம், அதனால் அதைச் சரிசெய்யத் தோன்றவே இல்லை. லாரி மேலே ஏறும், எடை பார்ப்பேன், ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவேன், லாரி போய்விடும். டிரைவர்கள் சீட்டைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சில சாயங்காலங்களில் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தால் குரலே எழும்பாது. வாக்குமூலத்தில் முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என்னோடு வாழ்ந்தவளைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள். நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கியபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. வலிப்பு நோய் உண்டு. கைகால் வெட்டி இழுக்கிற வகை இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் சில நொடி பார்வை நிலைகுத்தி நின்றுவிடும், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். வந்துபோனது அவளுக்கே தெரியாது. இது தெரியவந்ததும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளைக் குளத்து வாசலில் டிக்கெட் கிழிக்க உட்காரவைத்தார்கள்.

டாக்டரம்மா அன்று என் பக்கம் திரும்பினார். "இவங்களுக்குத் தெரியாது. கூட இருக்கிற நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார். என் சொல்லுக்காக ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

தட்டுவது அவளுடைய யோசனை. நாலு பேர் முன்னால் வாயால் சொன்னால் அவளுக்குக் கூச்சம். அதனால் வந்துபோனதும் விரல் முட்டியால் மேஜையில் இரண்டு முறை தட்டுவேன். "போயிட்டு வந்துட்டேனா?" என்று சிரித்து, என் கைமேல் கையை வைப்பாள். கொஞ்ச நேரம் எடுக்க மாட்டாள்.

மாத்திரை வேலை செய்தது. வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. ஒரு வருஷம் வராமலிருந்தால் தண்ணீரில் இறங்கலாம் என்றார் டாக்டரம்மா. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடலோர ஊர் ஒன்றில் வேலை பார்த்து வைத்துவிட்டாள். "நீயும் வா. அங்க மட்டும் லாரி ஓடாதா என்ன?" என்று என்னைக் கிண்டல் செய்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அவள் கை என் கைமேல் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, முன்பு சொல்லிக்கொடுத்த நாட்களில் குளத்தில் குதிக்கப் பயந்து அவள் காலைக் கட்டிக்கொண்ட ஒரு குண்டுப் பையனைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டினேன்.

அவள் முகம் தொங்கிப்போனது. பிறகு கை வந்தது. "நல்லவேளை, நீ இருக்கே" என்றாள்.

நான் பேராசைக்காரன் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு. டாக்டரம்மா மாத்திரையை ஏற்றினார். அவளுக்கு எந்நேரமும் தூக்கம், கை நடுக்கம். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். கடலோர வேலை கைநழுவிப் போனது. அவள் அழுதபோது நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

கல்லீரல் விஷயம் எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா தெளிவாகவே சொன்னார்: "கல்லீரல் தாங்கலை. வேற மாத்திரையும் இவங்களுக்கு ஒத்துக்கலை. வர்றது நின்னிருந்தா தைரியமா குறைச்சிடலாம்." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் கண் மஞ்சளாக இருந்தது. "போன வாரம்கூட வந்துச்சு டாக்டர்" என்றேன். அவள் என் கையை அழுத்தினாள். இவனுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள்.

அவளுடைய அக்கா பார்க்க வந்தவள், தங்கை பேசுவதைச் சும்மா செல்போனில் படம் பிடித்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவள் தடங்கலே இல்லாமல் பேசுகிறாள், இமைக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். ஓரத்தில் என் கை இரண்டு முறை தட்டுகிறது. அவள் பேச்சை நிறுத்தி, மன்னிப்புக் கேட்கிறாள். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, தங்கையிடமும் டாக்டரம்மாவிடமும் காட்டியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒண்ணாவது நிஜமா?" அந்தக் குண்டுப் பையன் கதை சொன்ன நாளிலிருந்து நான் தட்டியதில் ஒன்றுகூட நிஜமில்லை. அவளிடம் பதில் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மாத்திரையைக் குறைத்துவிட்டார்களாம். கல்லீரல் மெல்லத் தேறுகிறதாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று மறுபடி சொல்லிக்கொடுக்கிறாளாம். கேட்க எனக்குச் சந்தோஷம்தான். அவளுக்கு இப்போதெல்லாம் ஒன்றுமே வருவதில்லை என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நான் இல்லாதபோது, அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?