ஐஸ் வாங்கப் போயிருக்காரு

இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு, ஐஸ் வாங்கத்தான் போயிருக்காரு. உக்காருங்க. உங்க நாயை மொதல்ல ஃபேனுக்குக் கீழ விடுங்க. மாடிப்படி ஏறினதுக்கே எப்படி மூச்சு இழுக்குது பாருங்க. போன தடவை பாதியிலயே மயங்கிச் சாஞ்சுருச்சுல்ல, அதுக்குத்தான் ஐஸ். அது வயித்துல ஒத்திக்கிட்டே பொட்டையோட சேர்க்கணுமாம். தெரு நாய்ங்க யார்கிட்டயாவது ஐஸ் கேக்குதா சொல்லுங்க.

பெருசா? எங்க பெரிய பொட்டை சமையக்கட்டுல படுத்திருக்கு. கூப்பிடாதீங்க, உங்க நாய் வாசம் அடிச்சாலே மேசைக்கடியில போய் ஒண்டிக்கும். இன்னைக்கு அது இல்ல தம்பி, அதோட மக. சின்னது. சொல்லலையா உங்ககிட்ட? ஆமா, அதேதான், உங்க நாய்க்குப் பொறந்ததுதான். நானும் கேட்டேன், என்னங்க, அப்பனுக்கேவான்னு. நாய்க்கு ஏதுடி அப்பன் மக, குட்டிங்களுக்கு மூஞ்சி இன்னும் சப்பையா விழும், அதுக்குத்தான் கிராக்கிங்கறாரு.

இன்னும் சப்பைன்னா எங்க போறது. இப்பவே சின்னதுக்கு மூக்கு ஓட்டை குண்டூசி குத்தின மாதிரிதான் இருக்கு. படுத்தா மூச்சு அடைக்குதுன்னு உக்காந்த வாக்குல தூங்குது. வாய் மூடிக்கக் கூடாதுன்னு ஒரு பழைய சாக்ஸைக் கவ்விக்குது. யாரும் சொல்லித் தரல, அதுவா கண்டுபிடிச்சுக்கிட்டது. குட்டி பாக்க வர்றவங்க ஐயோ செல்லம்னு அதைப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க.

குட்டியும் தானா வெளிய வராது, தலை பெருசு. வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். பெருசு மயக்கம் தெளிஞ்சு பாக்கும், பக்கத்துல என்னமோ நெளியும், அதைப் பாத்து இது உறுமும். தன்னுதுன்னே தெரியாது பாவம். நான்தான் அது வாயைப் பொத்திப் பிடிச்சுக்கிட்டுக் குட்டிங்களைப் பால் குடிக்க விடுவேன். இன்னைக்கும் சின்னதைப் பிடிச்சுக்கப் போறது நான்தான். என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதான் நிக்கும்.

மாட்டேன்னு சொல்லலாமேன்னா? ஹாஸ்டல்ல இருந்து என் பொண்ணும் போன்ல அதைத்தான் கேக்கறா. அவ படிக்கறதே இந்தக் குட்டிங்களாலதான். இவருக்கு வேலை போனதுல இருந்து அடுப்பு எரியறதும் இதாலதான். சொல்லாம இல்ல தம்பி. எட்டாவதைத் தாண்டாதவ எனக்குப் பாடம் எடுக்காதேன்னுட்டாரு.

உங்களுக்குக் கோவம் இருக்கும், தெரியும். பெருசோட சேர்த்தும் சேர்த்தும் சினை நிக்கலன்னதும், உங்க நாய் ஓஞ்சு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நீங்களும் விடாம, இளசுல விட்டுப் பாருங்கன்னு சவால் விட்டீங்களாமே. அவரு பாத்த இளசு இந்தச் சின்னதுதான்.

உங்க நாய் மேல குத்தம் இல்ல தம்பி. கடைசி ஆபரேஷன் அப்ப டாக்டரம்மா, இன்னொரு தடவை இது தாங்காதுன்னாங்க. அவரு வெளிய போன்ல இருந்தாரு. தெறந்தது தெறந்தீங்க, பொம்பளைங்களுக்குப் பண்ற மாதிரி குழாயைக் கட்டிருங்கம்மான்னு சொல்லிட்டேன். பருவம் வர்றபடி வருது, அதனால அவருக்குச் சந்தேகமே வரல. தாயைக் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன். நேரா மககிட்ட வருவாருன்னு எனக்குத் தோணவே இல்ல.

கீழ கேட் சத்தம், அவருதான். இதை நீங்க சொன்னா உங்க நாய்க்குப் போன பேரு திரும்பிரும். எனக்கு இந்த வீட்டுல என்ன நடக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. சொல்லலன்னா, ஆமாங்க, ஓஞ்சுதான் போச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டு அதைத் தூக்கிட்டு எறங்கிருங்க. வேற நாய் தேடுவாரு, தெரியும். தேடறதுக்குள்ள சின்னதையும் குழாய் கட்ட டாக்டரம்மாகிட்ட கொண்டு போயிருவேன்.

மணி அடிக்கறாரு. நீங்களே பேசுங்க தம்பி, நான் வாயைத் தெறக்க மாட்டேன்.